முடிவிலாக் கதையும் அதன் ஆசிரியரும்

ஜேர்மன் மொழியிலே "எண்டே" என்னும் சொல்லுக்கு முடிவு என்பது பொருள். அச்சொல்லையே குடும்பப் பெயராகக் கொண்ட ஒருவர் எழுதிய நூலுக்கு "முடிவிலாக் கதை" என்று பெயர் வாய்த்தமை விநோதமான பொருத்தமாகும். 1979ஆம் ஆண்டிலே ஸ்ருட்காட் நகரத்துத் தீனமன் பதிப்பகத்தார் வெளியிட்ட அந்நூல் நாற்பதுக்கு மேற்பட்ட மொழிகளிற் பெயர்க்கப்பட்டது. 1984ஆம் ஆண்டு ஏப்ரில் மாதத்திலே அது திரைப்படமாகவும் வெளிவந்தது. வெள்ளை நாக மீது சிறுவன் ஒருவன் முகில்களினூடே பறந்து செல்லும் காட்சியை, நூலின் பெயரை அறியாதவர்களும் அறிவர். ஆயினும் அப்படத்தின் தொடக்கத்திலே தோன்றும் பெயர் வரிசையில் நூலாசிரியரின் பெயர் காணப்படுவதில்லை. படத்தை எடுத்தவர்கள் அவரை மறந்துவிடவில்லை. தம் பெயர் அங்கே வரலாகாதென்று அவர்தாமே வற்புறுத்தினார். தம் நூல் பெற்ற பெரும் புகழை ஓர் எழுத்தாளர் ஏன் இவ்வாறு உதறினார் என்பதை அறிய வேண்டுமாயின், அவருடைய வாழ்வையும் பிற நூல்களையும் சிறிது நோக்குதல் வேண்டும்.

மிகாயேல் எண்டே 1929ஆம் ஆண்டு நவம்பர் 12ஆந் திகதி, தென் ஜேர்மனியிலே அல்ப்ஸ் மலையடிவாரத்திலுள்ள கார்மிஷ் என்னும் ஊரிற் பிறந்தார். தந்தை எட்கார் எண்டே ஓர் ஓவியர். கண்ணாற் கண்டவற்றை வரைபவரல்லர் அவர். அறையை இருளாக்கிப் படுத்துக்கொண்டு, மனத்திலே தாமாக எழுந்துவரும் உருவங்களுக்காக நெடுநேரம் காத்திருப்பார். உருவம் தோன்றியதும் சிறு விளக்கொளியிலே அதைக் குறித்துக்கொள்வார். பின்னர் அக்குறிப்புகளிலிருந்து ஓவியந் தீட்டுவார். இத்தகைய ஓவியங்களை ஹிட்லரின் ஆட்சியாளர் விரும்பவில்லை. "சீர்கெட்ட கலை" என்று முத்திரையிட்டு, 1936ஆம் ஆண்டிலே அவர் தொழில் செய்வதற்கே தடை விதித்தனர். மியூனிச் நகரிலே கலைஞர்கள் வாழ்ந்த சுவாபிங் பகுதியில் வளர்ந்த சிறுவன், வீட்டிலே வறுமையையும் வெளியிலே அச்சத்தையும் ஒருங்கே கண்டான். 1944ஆம் ஆண்டுக் குண்டுவீச்சிலே தந்தையின் ஓவியக்கூடம் எரிந்தது. இருநூற்றைம்பதுக்கு மேற்பட்ட ஓவியங்கள் ஒரே இரவிற் சாம்பராயின.

அதற்கு முந்திய ஆண்டிலே ஹம்பேர்க் நகரிலிருந்த உறவினர் வீட்டுக்குச் சென்றிருந்தபோது, அந்நகரம் தீப்பற்றி எரிந்ததையும் அவர் நேரிற் கண்டிருந்தார். 1945ஆம் ஆண்டு, யுத்தம் முடியுந் தறுவாயிலே, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கும் படையிற் சேருமாறு கட்டளை வந்தது. அவருடன் படித்த மூவர் சென்ற முதல் நாளிலேயே மாண்டனர். எண்டே தமக்கு வந்த கட்டளைத் தாளைக் கிழித்தெறிந்துவிட்டு, இரவிரவாகக் காட்டுவழியே நடந்து தாயாரிடம் வந்து சேர்ந்தார். பிடிபட்டிருந்தால் உயிர் தப்பியிராது. பின்னர், எஞ்சிய சில வாரங்களிலே, மியூனிச் நகரை அழிவினின்றுங் காக்க முயன்ற "பவேரியா விடுதலை முயற்சி" என்னும் மறைவான இயக்கத்துக்குத் தூதுவராகச் சைக்கிளிலே செய்தி கொண்டுசென்றார். குழந்தைகளுக்குக் கற்பனைக் கதை எழுதியவர் உலகத்தை அறியாதவர் என்று பிற்காலத்தில் ஏளனஞ் செய்த திறனாய்வாளர் பலர், இவ்வரலாற்றை எண்ணிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

யுத்தத்தின் பின்னர் மியூனிச் நகரத்து நாடகப் பள்ளியிற் பயின்று, ஊர்ஊராகச் செல்லும் நாடகக் குழுவிலே சில காலம் நடித்தார். பவேரிய வானொலிக்குத் திரைப்பட விமரிசனம் எழுதிச் சீவனம் நடத்தினார். அக்காலத்திலே நாடகவுலகை ஆண்ட பிறெக்ற் என்னும் பேராசிரியரின் கொள்கைகளைக் கற்றுக் கற்று, ஒரு வரியேனும் எழுத இயலாத நிலையை அடைந்தார் என்பர். அந்நிலையினின்றும் அவரை மீட்டது ஒரு தெருக் கதைகூறி. சிசிலித் தீவின் பலேர்மோ நகரிலே, மக்கள் கூட்டத்தின் நடுவே நின்று ஒருவன் பழங்கதையை விரித்துச் சொல்லிக்கொண்டிருப்பதை எண்டே கண்டார். தாம் இறந்து நூறாண்டு கழிந்தபின் இத்தகைய வீதியொன்றிலே தம் கதையை ஒருவன் சொல்லிக்கொண்டிருத்தல் வேண்டும்; எழுத்தாளனுக்கு அதனினும் பெரிய குறிக்கோள் வேண்டியதில்லை என்று அங்கே தீர்மானித்தாராம். கோயில் வீதியிலே விடியும்வரை கதாப்பிரசங்கம் கேட்டு வளர்ந்தவர்களுக்கு இந்தத் தீர்மானம் எளிதில் விளங்கும்.

முதற் கதை பிறந்த விதமும் கதைபோன்றதே. நண்பரான ஓவியர் ஒருவர், படப்புத்தகம் ஒன்றுக்குச் சில வரி எழுதித் தருமாறு கேட்டார். இரண்டாவது வாக்கியம் யாதென்று அறியாமலே எண்டே முதல் வாக்கியத்தை எழுதினார். பத்து மாதம் கழிந்தபோது கைப்பிரதி ஐந்நூறு பக்கமாக வளர்ந்திருந்தது. ஏறத்தாழப் பத்துப் பதிப்பகத்தார் அதனைத் திருப்பியனுப்பினர். ஈற்றிலே தீனமன் பதிப்பகத்தார் ஏற்று, "ஜிம் பொத்தானும் சாரதி லூக்காஸும்" என்று 1960ஆம் ஆண்டிலும், அதன் தொடர்ச்சியை 1962ஆம் ஆண்டிலுமாக இரு நூல்களாக வெளியிட்டனர். முதல் நூலுக்கு 1961ஆம் ஆண்டு ஜேர்மன் இளைஞர் நூற் பரிசு கிடைத்தது. பரிசுச் செய்தி வந்த நாளிலே, ஏழுமாத வீட்டுவாடகை பாக்கிக்காக வீட்டுக்காரி தொடுத்த வழக்கு அவர்மேல் இருந்தது.

அக்கதையின் சுருக்கம் இது. லும்மர்லாந்து என்னும் மிகச் சிறிய தீவு. அங்கே ஓர் அரசன், இரண்டொரு குடிகள், எம்மா என்னும் புகையிரத இயந்திரம், அதன் சாரதி லூக்காஸ். ஒரு நாள் தபாலிலே வந்த பொதியொன்றுக்குள் கறுப்பினக் குழந்தையொன்று இருக்கிறது. காற்சட்டையின் கிழிசலை மூடத் தைத்த பொத்தானாலே அவனுக்கு ஜிம் பொத்தான் என்று பெயர் வழங்குகிறது. குழந்தை வளர, தீவிலே இடம் போதவில்லை. எம்மாவை அகற்றிவிடுமாறு அரசன் ஆணையிடுகிறான். லூக்காஸும் ஜிம்மும் அவ்வியந்திரத்தையே கப்பலாக்கிக் கடலேறிச் செல்கின்றனர். அவர்கள் சென்று சேரும் ஊர்களுள் ஒன்று நாகங்களின் நகரம். கலப்பற்ற நாக இரத்தம் உடையோரன்றிப் பிறர் உட்புகுந்தால் மரணதண்டனை என்று அதன் வாயிலிலே எழுதியிருக்கிறது. தாய் நீர்யானையாதலால் "அரைநாகம்" என்று இகழப்பட்டு வெளியே வாழும் நெப்போமுக் என்னும் சிறு உயிரே பயணிகளுக்கு வழிகாட்டுகிறது.

இனத்தூய்மையைப் பாடமாகப் பள்ளிகளிற் கற்பித்த ஆட்சியின்கீழே வளர்ந்தவர் இதனை எழுதினார் என்பதை மறந்து வாசித்தால், இது வெறும் வேடிக்கைக் கதையே. 2008ஆம் ஆண்டிலே யூலியா வொஸ் என்னும் ஜேர்மன் ஆய்வாளர் இதனினும் ஆழமான ஒரு தொடர்பை எடுத்துக்காட்டினார். தென்னமெரிக்காவின் தென்கோடியிலுள்ள தியரா டெல் பியூகோவிலிருந்து 1830ஆம் ஆண்டிலே பிற்ஸ்ரோய் என்னும் ஆங்கிலக் கப்பற்றலைவர் ஒரு சிறுவனை இங்கிலாந்துக்குக் கொண்டுசென்றார். முத்துச்சிப்பிப் பொத்தான் ஒன்றை விலையாகக் கொடுத்து அவனைப் பெற்றதாகக் கூறி, ஜெமி பொத்தான் என்றே அவனை அழைத்தனர். சில ஆண்டுகளின் பின்னர், இளைஞரான சாள்ஸ் டார்வின் பயணஞ் செய்த பீகிள் கப்பலிலேயே அவன் தாய்நாட்டுக்கு மீண்டான். டார்வினின் கொள்கையைத் திரித்து இனவெறிக்குச் சாட்சியாக்கியவர்களுக்கு எண்டே இக்கதை மூலம் விடையிறுத்தார் என்பது வொஸ் அவர்களின் முடிபு. இரண்டாவது நூலிலே ஜிம் ஓர் அரச வமிசத்தின் எஞ்சிய குலக்கொழுந்து என்பதும், லும்மர்லாந்து என்பது கடலுள் மூழ்கிய பெருநாட்டின் மலைச்சிகரமே என்பதும் வெளிப்படுகின்றன. மூழ்கிய அற்லாண்டிஸ் கண்டத்தைத் தம் ஆரிய முன்னோரின் தாயகம் என்று பேசிய நாஜிகளிடமிருந்து, அக்கண்டத்தையே பறித்து ஒரு கறுப்புச் சிறுவனின் கையிற் கொடுத்ததற்கு ஒப்பாகும் இது.

அக்காலத்து ஜேர்மன் இலக்கியவுலகம் இவற்றைக் கவனிக்கவில்லை. சமுதாயப் பிரச்சினைகளை நேர்முகமாக எழுதாதவன் உலகினின்றும் ஓடி ஒளிபவன் என்பதே அன்றைய தீர்ப்பு. இக்குற்றச்சாட்டைக் கேட்டுக் கேட்டுச் சலித்த எண்டே, 1970ஆம் ஆண்டளவில் மனைவி இங்கெபோர்க் ஹொவ்மனுடன் இத்தாலி சென்று, உரோமாபுரிக்குத் தெற்கேயுள்ள ஜென்சானோ என்னும் ஊரிலே குடியேறினார். அங்கே எழுதி முடித்த நூலே 1973ஆம் ஆண்டிலே வெளிவந்த "மோமோ". அவருடைய நூல்களுள் மிகச் சிறந்தது எது என்று வினவினால், முடிவிலாக் கதையைவிட இதனையே கூறுதல் தகும்.

ஒரு பெருநகரத்தின் எல்லையிலே பாழடைந்த பழைய அரங்கொன்றில் மோமோ என்னும் அநாதைச் சிறுமி வாழ்கிறாள். அவளிடம் உள்ள ஒரே திறமை பிறர் கூறுவதைக் கேட்பது. அவள் முன்னிலையிலே பேசுவோர் தம் மனம் தெளிந்து செல்வர். அந்நகருக்கு ஒரு நாள் சாம்பல் நிற உடையணிந்த கனவான்கள் வருகின்றனர். தாங்கள் நேரச் சேமிப்பு வங்கியின் பிரதிநிதிகள் என்கின்றனர். பூசி என்னும் நாவிதரிடம் வந்த பிரதிநிதி கண்ணாடியிலே கணக்கெழுதிக் காட்டும் இடம் மறக்கற்பாலதன்று. மனிதவாழ்வு எழுபது ஆண்டு என்றால் 2,207,520,000 செக்கன்கள். பூசிக்கு வயது நாற்பத்திரண்டு. ஆகவே 1,324,512,000 செக்கன்கள் கழிந்துவிட்டன. அவை எவ்வாறு கழிந்தன? உறக்கத்துக்கு இவ்வளவு, தொழிலுக்கு இவ்வளவு. காது கேளாத முதிய தாயாரின் அருகிலிருந்து நாள்தோறும் பேசிக்கொண்டிருந்தது ஒரு மணிநேரம், அது வீண். நடக்கவியலாத பெண்ணொருத்திக்குப் பூக் கொண்டுசென்று கொடுத்தது அரைமணி நேரம், அதுவும் வீண். கூட்டிப் பார்த்தால் மிச்சம் பூச்சியம். கணக்கிலே பிழையில்லை. பிழை எங்கேயிருக்கிறது என்பதைப் பூசியால் அறியவும் முடியவில்லை. அன்று முதல் அவர் தாயாரை முதியோர் விடுதிக்கு அனுப்பிவிட்டு, ஒவ்வொரு தலையையும் விரைந்து வெட்டத் தொடங்குகிறார். சேமித்த நேரமோ அவர் கைக்கு வந்து சேரவில்லை. சாம்பல் மனிதர் அதனைச் சுருட்டாக்கிப் புகைத்தே உயிர்வாழ்கின்றனர்.

பணமும் வட்டியும் இயங்கும் முறையை எண்டே நெடுநாட் சிந்தித்தவர் என்பதும், அச்சிந்தனையே இக்கதையின் அடித்தளம் என்பதும் பின்னர் வெளியாயின. யப்பானியத் தேசிய ஒலிபரப்புத் தாபனம் 1999ஆம் ஆண்டிலே இதுபற்றித் தொலைக்காட்சி நிகழ்ச்சியொன்றும் தயாரித்தது. யப்பான் அவரை மிக விரும்பிய நாடு. முடிவிலாக் கதையை யப்பானிய மொழியிற் பெயர்த்தவர்களுள் ஒருவரான மரிக்கோ சாத்தோவை, முதல் மனைவி 1985ஆம் ஆண்டிற் காலமானபின், 1989ஆம் ஆண்டிலே அவர் மணந்தார்.

இனி, முடிவிலாக் கதை. 1977ஆம் ஆண்டிலே புதிய நூலொன்று வேண்டுமெனப் பதிப்பாளர் கேட்டபோது, எண்டேயிடம் இருந்தது ஒரு துண்டுத் தாளிலெழுதிய குறிப்பு மாத்திரமே. புத்தகம் ஒன்றை வாசிக்கும் சிறுவன் அக்கதைக்குள்ளே புகுந்துவிடுகிறான். வெளியே வர வழி தெரியாமல் தவிக்கிறான் என்பதே அது. நூறு பக்கத்துள் முடியுமென்று எண்ணினார். உள்ளே புகுத்துவது எளிதாயிற்று. வெளியேற்றும் வழிதான் அகப்படவில்லை. நூல் வருமென்று அறிவித்த பதிப்பாளர் காலக்கெடுவை மேலும் மேலும் தள்ளிப்போட நேர்ந்தது.

வெளிவந்த நூலின் அமைப்பே புதுமை. செம்பு நிறப் பட்டுத்துணிக் கட்டு. ஒன்றன் வாலை ஒன்று கௌவிய இரு பாம்புகளின் இலச்சினை. மனிதவுலகத்துப் பகுதிகள் செந்நிற எழுத்திலும் கற்பனையுலகத்துப் பகுதிகள் நீலப்பச்சை எழுத்திலும் அச்சிடப்பட்டன. இருபத்தாறு அத்தியாயங்கள், ஜேர்மன் நெடுங்கணக்கின் இருபத்தாறு எழுத்துகளை முறையே முதலெழுத்தாகக் கொண்டன. தாயை இழந்த பஸ்தியான் என்னும் பருத்த, வெளிறிய சிறுவன், தன்னை நையாண்டி செய்யும் மாணாக்கருக்கு அஞ்சி ஓடிப் பழைய புத்தகக்கடையொன்றுட் புகுந்து, அங்கிருந்து ஒரு புத்தகத்தைத் திருடிப் பள்ளிக்கூடத்தின் பரணில் ஒளிந்து வாசிக்கிறான். புத்தகத்திலே கற்பனைநாடு "ஒன்றுமின்மை"யால் விழுங்கப்பட்டுக்கொண்டிருக்கிறது. அதன் குழந்தைப் பேரரசி நோயுற்றிருக்கிறாள். அத்ரேயு என்னும் பச்சைநிற மேனியனான வேட்டுவச் சிறுவன் மருந்து தேடிப் புறப்படுகிறான். மனிதக் குழந்தையொன்று பேரரசிக்குப் புதிய பெயர் சூட்டுவதே மருந்து. பஸ்தியான் பெயர் சூட்டுகிறான், கற்பனைநாடு பிழைக்கிறது.

திரைப்படம் இவ்விடத்திலே, சிறிய ஒரு பின்னிணைப்போடு, முடிந்துவிடுகிறது. நூலிலோ இது பாதிவழி.

மறுபாதியிலே பஸ்தியான் அந்நாட்டினுள்ளேயே சென்றுவிடுகிறான். விரும்பியதைச் செய் என்று பொறித்த இலச்சினை அவன் கையிற் கொடுக்கப்படுகிறது. அழகு வேண்டுமென்கிறான், கிடைக்கிறது. வலிமை, வீரம், புகழ், எல்லாம் கிடைக்கின்றன. ஆயின் ஒவ்வொரு விருப்பம் நிறைவேறும்போதும் தன் பழைய வாழ்வின் நினைவொன்று அழிந்துபோவதை அவன் உணர்வதில்லை. ஈற்றிலே தானே பேரரசனாக முற்பட்டு, தடுத்த அத்ரேயுவைத் தன் கையாலேயே காயப்படுத்துகிறான். இவ்வாறு முற்பட்டு நினைவு முழுவதையும் இழந்தோர் பித்தராக வாழும் நகரமொன்றை அதன்பின் காண்கிறான். தன் பெயரைத் தவிர ஏறத்தாழ யாவற்றையும் மறந்த நிலையிலே, மறந்த கனவுகள் மெல்லிய தகடுகளாகப் படிந்து கிடக்கும் இருண்ட சுரங்கத்தினுள் நாள்தோறும் இறங்கித் தேடுகிறான். அகப்படும் ஓவியத் தகட்டிலே, பனிக்கட்டிக்குள் அகப்பட்டவர் போன்ற ஒரு மனிதரின் துயர முகம் தெரிகிறது. அது தன் தந்தை என்பதும் அவனுக்கு நினைவில்லை. ஆயினும் அம்முகத்தின்மீது எழுந்த ஏக்கமே அவனை வீட்டுக்கு மீட்கிறது. இருளிலே படுத்து உருவங்களுக்காகக் காத்திருந்த எட்கார் எண்டே என்னும் ஓவியரை அறிந்தோர், இச்சுரங்கம் எங்கிருந்து வந்தது என்பதை உணர்வர். தந்தை 1965ஆம் ஆண்டிலே இறந்துவிட்டார். 1984ஆம் ஆண்டிலே, திரைப்படம் வெளிவந்த அதே ஆண்டிலே, எண்டே வெளியிட்ட "கண்ணாடியுட் கண்ணாடி" என்னும் முதியோர்க்கான கதைத்தொகுதி அத்தந்தைக்கே காணிக்கையாக்கப்பட்டது. அவருடைய ஓவியங்களும் அதில் இடம்பெற்றன.

திரைப்படத்தை இயக்கியவர் வொல்ப்காங் பீற்றர்சன். நீர்மூழ்கிக் கப்பலொன்றின் கதையை 1981ஆம் ஆண்டிலே படமாக்கி உலகப் புகழ் பெற்றவர். 2022ஆம் ஆண்டிற் காலமானார். மியூனிச் நகரத்துப் பவேரியாப் படப்பிடிப்பு நிலையத்திலே பெரும்பகுதி எடுக்கப்பட்டது. அமெரிக்க நாட்டுக்கும் சோவியத் நாட்டுக்கும் வெளியே அதுவரை எடுத்த படங்களுள் மிகுந்த செலவு பிடித்தது இதுவேயென்று அன்று பேசப்பட்டது. ஏறத்தாழ ஆறு கோடி ஜேர்மன் மார்க் என்று கணக்குக் கூறினர். நற்பேற்று நாகத்தின் உருவம் மாத்திரம் பதின்மூன்று மீற்றர் நீளம். உலகச் சந்தையைக் கருதி நடிகர்கள் ஆங்கிலத்திலேயே பேசினர்.

எண்டே முதலில் ஒத்துழைத்தார். திரைக்கதையிலும் பீற்றர்சனுடன் கலந்துகொண்டார். பின்னர் அவருக்குத் தெரியாமலே திரைக்கதை மாற்றப்பட்டது என்பது அவர் கூறிய குறை. முடிந்த படத்தைக் கண்டபோது கொதித்தெழுந்தார். பத்திரிகையாளரைக் கூட்டி, வியாபாரமும் பஞ்சுப்பொம்மையும் பிளாஸ்ரிக்கும் சேர்ந்த கலவை என்னும் கருத்துப்படக் கண்டித்தார். பெயரை நீக்கவேண்டும், இன்றேற் படத்தை மாற்றவேண்டும் என்று வழக்கிட்டார். நீதிமன்றம் அவருக்குச் சார்பாகத் தீர்க்கவில்லை. உரிமையை விற்று ஒப்பமிட்டவர் அவரேயாதலால் சட்டம் அவர் பக்கம் நிற்பது அரிது. தொடக்கப் பெயர் வரிசையினின்றும் பெயர் நீங்கியமையே அவர் பெற்ற பலன்.

படத்துக்கும் நியாயம் வழங்குதல் கடன். நானூறு பக்கத்துக்கு மேற்பட்ட நூலை ஒன்றரை மணிநேரப் படமாக்குவோர் எதையேனும் விடத்தான் வேண்டும். துயரச் சேற்றிலே குதிரை அமிழ்ந்துபோகும் காட்சியைக் கண்ட எந்தச் சிறுவனும் அதனை முதுமையிலும் மறப்பதில்லை. நூலிலே அக்குதிரை பேசும்; படத்திலே பேசாமல் அமிழ்கிறது. ஊமையான அம்மரணம் நூலினும் வலிமையுடையது என்றே கூறல் வேண்டும். அத்ரேயுவின் பச்சை நிறம் போனதும், பருத்த பஸ்தியான் மெலிந்த அழகிய சிறுவனானதும், கீழைத்தேய நாகத்தை நினைந்து எண்டே படைத்த முத்துநிறச் செதிலுடைய பிராணி உரோமம் அடர்ந்த நாயின் முகத்தைப் பெற்றதும் சிறு குறைகளென்று விடலாம்.

விடத்தகாதது இறுதிக் காட்சி. பஸ்தியான் அந்நாகத்தின் மீதேறி மனிதவுலகத்து வீதிக்கே பறந்து வந்து, தன்னைத் துன்புறுத்திய பையன்களைத் துரத்தித் துரத்தி அச்சுறுத்துகிறான். அரங்கம் கைதட்டுகிறது. கற்பனைநாட்டுப் பிராணி எதுவும் அப்படியே எல்லைகடந்து வாராது என்பதும், அங்கே பெற்ற வலிமையைக் கொண்டு மனிதன் இங்கே பழிவாங்கலாகாது என்பதுமே நூலின் முழு நியதி. ஒன்றுமின்மைக்குள் வீழ்ந்த கற்பனை உயிர்கள் மனிதவுலகிற்கு வந்தால் பொய்களாகவும் மனமயக்கங்களாகவும் மாறும் என்று நூலிலே ஓர் ஓநாய் விளக்குகிறது. நாஜிப் பிரசாரத்தைக் கேட்டு வளர்ந்தவரின் வாக்கு அது. நூலிலே பஸ்தியான் திருப்பிக் கொண்டுவருவது சிறிது வாழ்வு நீர் மாத்திரம்; அதுவும் வழியிற் சிந்திவிடுகிறது. ஆயினும், மனைவி இறந்தபின் மகனோடு பேச்சற்றிருந்த தந்தை, அவன் கூறிய கதை முழுவதையும் இருந்து கேட்டுக் கண்ணீர் விடுகிறார். படத்திலோ அத்தந்தை, தொடக்கத்துக் காலையுணவுக் காட்சியோடு மறைந்து, பின்னர் தோன்றுவதேயில்லை. மறுபாதியின் சில நிகழ்ச்சிகளை எடுத்து 1990ஆம் ஆண்டிலே இரண்டாவது படமொன்று எடுத்தனர். அது முதற்படத்தின் சிறப்பையும் பெறவில்லை.

ஒருவர் எழுதியதைப் பிறர் மாற்றலாமா என்னும் கேள்வி எண்டேயின் நூல்களை அவர் காலத்தின் பின்னும் தொடர்ந்தது. 2024ஆம் ஆண்டிலே தீனமன் பதிப்பகத்தார் ஜிம் பொத்தான் கதையின் புதிய பதிப்பிலே, கறுப்பின மக்களை இழிவாகக் குறிக்கும் பழஞ்சொல்லை நீக்கினர். ஜிம்மின் உருவப்படங்களையும் திருத்தினர். ஜேர்மனியிலே இதற்கு எதிர்ப்பும் எழுந்தது. இனத்தூய்மையை எள்ளி எழுந்த கதையினின்றும் இழிசொல் ஒன்று உதிர்வதனால் அதன் முதுகெலும்பு முறியாது. 1984ஆம் ஆண்டுப் படத்திலே முறிந்தது முதுகெலும்பே. இரண்டையும் ஒரே தராசிலிட்டு நிறுப்போர் நூல்களை வாசிக்காதவர்.

எண்டே 1995ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆந் திகதி இரைப்பைப் புற்றுநோயாற் காலமானார். மியூனிச் நகரத்து வனமயானத்திலே, விரித்து வைத்த பெரிய வெண்கலப் புத்தகமே அவருடைய கல்லறைச் சின்னமாக நிற்கிறது.

வழக்கிலே தோற்றதும் அவர் திரைப்படத்தையே வெறுத்துவிட்டார் என்று எண்ணல் வேண்டா. 1986ஆம் ஆண்டிலே யொஹானஸ் சாவ் என்பவர் "மோமோ"வைப் படமாக்கினார். நேரத்தின் அதிபதியான முதியவராக, அமெரிக்க இயக்குநர் ஜோன் ஹியூஸ்ரன் நடித்தார். மோமோ நூலின் ஈற்றிலே ஆசிரியவுரையொன்று உண்டு. இக்கதையைத் தமக்கு ஒரு நீண்ட புகையிரதப் பயணத்திலே, வயது மதிக்கவியலாத ஒருவர் கூறியதாகவும், நடந்துமுடிந்தது போல இதனைக் கூறினாலும் இனி நடக்கவிருப்பதாகவும் கூறியிருக்கலாம் என்று அவர் சொன்னதாகவும் எண்டே அங்கே எழுதியிருக்கிறார். படத்திலே அப்பயணமும் இடம்பெறுகிறது. புகையிரதப் பெட்டியிலே அமர்ந்து அம்மனிதர் கூறுவதைக் கேட்டுக்கொண்டிருக்கும் பயணியாக நடித்தவர் மிகாயேல் எண்டேயே.